காலிப்பருக்குச் சிவப்படிக்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

புது அலாய் வீல் மாட்டிய வாரமே உங்கள் கண் அதன் உள்ளே போயிருக்கும். பளபளக்கும் கைகளுக்கு நடுவே, துருவேறிப் பழுப்பாக ஓர் இரும்புக்கட்டி. காலிப்பர். ஒரு டப்பா சிவப்பு பெயின்ட், ஒரு பிரஷ், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பெயின்டும் வாங்கியிருப்பீர்கள். டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. மெக்கானிக்குகளில் பாதிப் பேர் "எதுக்குப்பா வேண்டாத வேலை" என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. காரில் டயரும் எண்ணெயும் மாற்றத் தெரிந்தவர்கள்கூட பிரேக்கை நேருக்கு நேர் பார்த்திருக்க மாட்டார்கள். சர்வீஸில் விட்டோம், பில் வந்தது, பணம் கட்டினோம், அவ்வளவுதான். பெயின்ட் அடிக்கிற சாக்கில்தான் நம்மில் பலர் முதன்முதலாக அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் தலையை நீட்டுகிறோம். அந்தச் சாக்கை வீணாக்காதீர்கள் என்பதே என் கோரிக்கை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இரும்பு ரிம், மேலே ஒரு வெள்ளிக் கிண்ணம். உள்ளே என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? டிஸ்க் வந்தது, பிறகு அலாய் வந்தது, சக்கரத்தில் ஜன்னல் திறந்துகொண்டது. இத்தாலியின் பெர்காமோ அருகே 1961-ல் தொடங்கப்பட்ட பிரெம்போ, பந்தயக் கார்களுக்கும் விலையுயர்ந்த கார்களுக்கும் அலுமினியக் காலிப்பர் செய்து, அதற்குச் சிவப்படித்து, அந்தச் சிவப்பையே தன் முகவரியாக்கிக்கொண்டது. போர்ஷே இன்னும் ஒருபடி மேலே போய் நிறத்தைத் தகவலாக்கிவிட்டது. கூடுதல் சக்தி கொண்ட மாடல்களின் பெரிய பிரேக்குக்குச் சிவப்பு, செராமிக் டிஸ்க் என்றால் மஞ்சள், டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க் என்றால் வெள்ளை, ஹைபிரிட் என்றால் கண் கூசும் பச்சை. அந்த வண்டிகளில் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லலாம்.

நம் ஸ்விஃப்டிலும் ஐ20-யிலும் நிறம் வெறும் நிறம்தான். சிவப்படித்த வண்டி ஓரடி முன்னதாக நிற்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாட்டுக் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். அதற்காக மாடு வேகமாக ஓடும் என்று யாரும் நினைப்பதில்லை.

சரி, அந்த இரும்புக்கட்டி என்ன செய்கிறது? எங்கே பெயின்ட் படக்கூடாது என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும். நம் சாலைகளில் ஓடும் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒற்றைப் பிஸ்டன் வைத்த மிதக்கும் காலிப்பர், வார்ப்பிரும்பில் செய்தது. 1962-ல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகளிலிருந்து வருவது. நீங்கள் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உள்பக்கத்துப் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. வெளிப்பக்கத்துப் பேடைத் தள்ள அங்கே பிஸ்டன் கிடையாது. ஆகவே காலிப்பரின் உடல் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி உள்பக்கமாக நகர்ந்து, வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கிறது. இரண்டு பக்கமும் சம அழுத்தம். அந்தப் பின்கள் வழுக்க வேண்டும். பேடின் காதுகள் தம் பள்ளத்தில் தடையின்றி நகர வேண்டும். இந்த இரண்டும்தான் மிதக்கும் காலிப்பரின் உயிர்.

காலை எடுத்ததும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுடைய ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் லேசாக முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் விட்டதும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது, திரும்பும்போது பிஸ்டனையும் கூட இழுத்துக்கொள்கிறது. இழுப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. பேடும் டிஸ்க்கும் உரசாமல் இருக்க அதுவே போதும். இத்தனை நுணுக்கத்தை ஒரு ரப்பர் வளையத்திடம் ஒப்படைத்தவனின் தைரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். இந்த நுணுக்கத்தின் பக்கத்தில்தான் நீங்கள் பிரஷ்ஷோடு உட்காரப் போகிறீர்கள்.

ஆகவே படக்கூடாத இடங்கள்: பிஸ்டனை மூடியிருக்கும் ரப்பர் பூட், பின்கள், பின்களின் ரப்பர், பேடின் காதுகள் உட்காரும் பள்ளம், ஏர் எடுக்கும் நிப்பிளின் வாய், பிரேக் ஓஸும் அது சேரும் போல்ட்டும், பேட் உரசும் டிஸ்க் முகம். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டிஸ்க்கின் நடுவே சக்கரம் வந்து ஒட்டி உட்காரும் தட்டையான முகம். அழகாக இருக்கட்டும் என்று அங்கேயும் ஒரு கோட் அடித்துவிடுவார்கள். இரும்பும் ரிம்மும் நேராக ஒட்ட வேண்டிய இடத்தில் பெயின்ட் ஓர் அடுக்காக உட்கார்ந்து, ஓட ஓட நசுங்கும். நசுங்க நசுங்க வீல் நட்டின் பிடி தளரும். மற்ற இடங்களில் பெயின்ட் பட்டால் பிரேக் கெடும். இங்கே பட்டால் சக்கரமே கழன்றுவிடலாம்.

பெயின்ட் வாங்கும்போது அது தாங்கும் வெப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஒரு கணக்கு. நான்கு பேர் ஏறிய சிறு கார் 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, செங்குத்தாக ஏறக்குறைய 1000 மீட்டர் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒரு கோடியே 17 லட்சம் ஜூல்களுக்கு மேல். குழாய்த் தண்ணீர் 40 லிட்டரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், காற்றும் கொஞ்சம் வாங்கும். நியூட்ரலில் இறங்குகிற மகாராஜாக்களுக்கு ஏறக்குறைய அவ்வளவும் பிரேக்குக்கே போகும், அதிலும் பெரும்பங்கு முன் சக்கரங்கள் இரண்டுக்கு. டிஸ்க் 300 டிகிரியைத் தாண்டுவது அதிசயமல்ல. காலிப்பர் அவ்வளவு சூடாகாது என்றாலும் 100-ஐத் தாண்டி நிற்கும்.

வீட்டுக் கதவுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் அடிக்கிற சாதாரண எனாமல் இந்தச் சூட்டில் முதலில் இளகும், பிறகு நிறம் மாறும், பிறகு உரியும். அந்தப் பிசுக்கில் பிரேக் தூசி போய் ஒட்டிக்கொண்டால் துருவே மேல் என்று தோன்றும். காலிப்பருக்கென்றே விற்கிற பெயின்ட்கள் இரண்டு வகை. ஒன்று ஸ்பிரே டப்பா. இவற்றில் பல, சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் முழு வலு பெறும். டப்பாவின் முதுகில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று எழுதியிருக்கும், அந்தப் பொடி எழுத்தை ஒருவரும் படிப்பதில்லை. மற்றொன்று பெயின்டும் ஹார்டனரும் தனித்தனியாக வரும் கலவை. ஜெர்மனியின் ஃபோலியாடெக், அமெரிக்காவின் ஜி2 போன்றவை. கலந்த பிறகு சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிவிடும் என்பதால் எல்லா கோட்டையும் ஒரே அமர்வில் முடிக்க வேண்டும். நடுவே சாப்பிடப் போய், ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்தால் பிரஷ் டப்பாவோடு ஒட்டி நிற்கும்.

என்னைக் கேட்டால் வீட்டில் செய்பவர்களுக்குப் பிரஷ்ஷும் கலவை பெயின்டும்தான். ஸ்பிரே அழகாகத்தான் விழும். ஆனால் அதற்குக் காகிதமும் டேப்பும் சுற்றி மறைப்பதற்கே நாளின் பாதி போய்விடும். மறைக்காமல் விட்ட ஒரு விரற்கடை இடுக்கில் புகுந்து டிஸ்க்கில் படியும். பிரஷ் தடம் தெரியுமே என்று கவலைப்படாதீர்கள். இந்தக் கலவைகள் கொஞ்சம் கெட்டியானவை, தாமே பரவிச் சமனாகும். அதோடு, யாரும் உங்கள் சக்கரத்தின் முன் மண்டியிட்டுப் பார்க்கப் போவதில்லை.

இனி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகும் இடம். வண்டியைத் தூக்குவது.

வண்டியோடு வந்த ஜாக்கி, வழியில் பஞ்சரானால் டயர் மாற்றக் கொடுத்தது. அதை நம்பி வண்டிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்காராதீர்கள். கை மட்டும்தானே உள்ளே இருக்கிறது, உடம்பு வெளியேதான் என்பார்கள். கை போதாதா? ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள். நீங்கள் வாங்கிய பெயின்ட் செட்டின் விலையைவிடப் பெரிதாக வித்தியாசம் இருக்காது. ஹாலோ பிளாக், செங்கல், பழைய ரிம் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள். கான்கிரீட் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டை எங்கே வைப்பது என்று வண்டிக் கையேட்டில் படம் போட்டிருக்கும். கண்ட இடத்தில் வைத்தால் தகடு மடங்கும்.

தரை சமமாக இருக்கட்டும். அடுக்குமாடி பார்க்கிங் பெரும்பாலும் தண்ணீர் வடிய ஒரு பக்கம் சரிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பந்தை வைத்துப் பாருங்கள். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு முதல் கியரில் விடுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்துத் தளர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிற்றைக் கலக்கும். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான்.

இன்னொரு தடை, இடம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இந்த வேலை வேண்டாம். தின்னர் ஆவியும் பிரேக் கிளீனர் ஆவியும் காற்றைவிடக் கனமானவை, தரையோடு தேங்கி நிற்கும். மேலே வாசனை குறைவாகத் தெரிந்தால் கீழே இல்லை என்று அர்த்தமல்ல. பக்கத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் போதும். கிளீனரிலும் இரண்டு வகை உண்டு. சட்டென்று தீப்பிடிக்கிற வகை ஒன்று. தீப்பிடிக்காத, குளோரின் சேர்ந்த வகை இன்னொன்று. இரண்டாவது பத்திரமானது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் ஆவி கடும் சூட்டிலோ நெருப்பிலோ பட்டால் ஃபாஸ்ஜீன் உண்டாகும், முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு. கிளீனர் அடித்த இடம் முழுக்கக் காயாமல் ஹீட் கன் பக்கம் போகாதீர்கள்.

பெயின்ட் அடிப்பது இந்த வேலையில் பத்தில் ஒரு பங்கு. மீதி முழுவதும் சுரண்டுவதும் துடைப்பதும். காலிப்பரைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தூசியை முதலில் கம்ப்ரஷர் வைத்து ஊதாதீர்கள். பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் தேய்ந்து வந்த தூள் அது; பழைய லைனிங்குகளில் கல்நாரும் உண்டு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து அந்தத் துணியை ஒரு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள். முகக்கவசம் போடுங்கள். பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருந்தால் துணிக் கவசம் உதவாது. ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு. அத்தகைய கலவையை வீட்டில் ஸ்பிரே செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிறகு கம்பி பிரஷ். மூலைகளுக்குப் பழைய பல்துலக்கி. அடர்ந்த துருவை உதிர்த்த பிறகு உப்புத்தாள், மினுக்கத்துக்காக அல்ல, பெயின்ட் பற்றிக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும் என்பதற்காக. கம்பி பிரஷ்ஷை ரப்பர் பூட் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பூட்டில் ஒரு சிறு கிழிசல் விழுந்தால், மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பிஸ்டன் துருப்பிடித்து இறுகும். கடைசியாகப் பிரேக் கிளீனரில் துடைப்பு. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இங்கே வேண்டாம். இரண்டும் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். அதன் மேல் எந்த பெயின்டும் நிற்காது, ரப்பருக்கும் ஆகாது.

இந்தத் துடைப்பின் நடுவில்தான் நான் சொன்ன சாக்கு. கை ஓயும்போது கண்ணை வேலை வாங்குங்கள். பேடின் கனம் எவ்வளவு இருக்கிறது? புதிதில் உரசும் பொருள் மட்டும் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; 3-ஐ நெருங்கிவிட்டால் சிவப்படிப்பதை ஒத்திவைத்துப் பேட் மாற்றுங்கள். உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா? உள்ளே தேய்ந்து வெளியே புதுசாக இருந்தால் பின் வழுக்கவில்லை என்று பொருள். காலிப்பர் மிதக்காமல் ஒரு பக்கமாகவே அழுத்திக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நாளாகப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, மைலேஜ் குறைகிறது, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான். ஓஸை லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிகிறதா? நிப்பிள் அருகே ஈரக்கசிவு உண்டா? டிஸ்க்கின் விளிம்பில் நகத்தை வைத்தால் எவ்வளவு படி ஏறுகிறது? இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்குப் பெயின்ட் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

காலிப்பர் வழுக்கும் பின்களுக்கு கிரீஸ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் மஞ்சள் கிரீஸ் டப்பாவை எடுக்காதீர்கள். பிரேக்கில் இருக்கும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் சிறு பாக்கெட்டிலேயே கிடைக்கும். "பிரேக் ஆயில்" என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் வகையே இல்லை, கிளைக்கால் சார்ந்த திரவம். அதுவும் பெயின்டுக்கு எதிரி. பானெட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை, புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கணக்கு; ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155. மலையிறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சுபோல் ஆவது இதனால்தான். கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

காலிப்பரைக் கழற்ற வேண்டுமா? முதல்முறை செய்பவர்கள் கழற்ற வேண்டாம். மாட்டியபடியே, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தால் முன்பக்கம் நன்றாகக் கைக்கு வரும். அப்படியே கழற்றினாலும் ஓஸ் சேரும் போல்ட்டைத் தொடாதீர்கள். அதைத் திறந்தால் ஏர் புகும், பிறகு ஏர் எடுக்க ஆள் வேண்டும், அது வேறு வேலை, வேறு நாள். கழற்றிய காலிப்பரை ஓஸில் தொங்க விடாதீர்கள். கட்டுக்கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். அந்த நேரத்தில் வீட்டுக் குழந்தை வண்டிக்குள் ஏறி விளையாட்டாகப் பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே குதித்துவிடும், ஆகையால் கதவைப் பூட்டுங்கள். பின் சக்கரத்திலும் டிஸ்க் இருந்து, எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் வைத்த வண்டி என்றால் பின்பக்கக் காலிப்பரைக் கழற்றுவதை மறந்துவிடுங்கள். அதற்குத் தனி முறை உண்டு.

அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய கோட்கள் மூன்று. ஒரே கோட்டில் மூடிவிடலாம் என்று அப்பினால் வழியும். நிறம் தெரிகிற முகத்துக்கு மட்டும் அடித்து, பின்பக்கத்தை அப்படியே விடுவது பலர் வழக்கம். துரு பின்பக்கத்திலிருந்துதான் கிளம்பும். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இந்த பெயின்டால் கிடைக்கும் ஒரே உண்மையான பயன் துருத் தடுப்பு. அதைப் பாதியில் விடுவானேன்?

நாள் பார்த்துச் செய்யுங்கள், பஞ்சாங்க நாள் அல்ல. ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் பெயின்ட் பால்போல் வெளுத்துப் போகலாம். அக்னி நட்சத்திர வெயிலில் இரும்பு அடுப்புபோல் இருக்கும். ஸ்பிரே, தொடுவதற்கு முன்பே காய்ந்து மணலாக விழும். தை, மாசியில் பனி விலகிய பிறகு காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது. ஓடிவந்த வண்டியில் உடனே தொடங்காதீர்கள். டிஸ்க் கைபொறுக்கும் சூட்டுக்கு வரட்டும்.

முடித்த பிறகு அவசரம் வேண்டாம். டப்பாவில் எழுதியுள்ள நேரம் காயவிட்டு, டேப்பையெல்லாம் எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள். டிஸ்க்கில் எங்காவது பெயின்ட் தெறித்திருந்தால் கிளீனர் ஊற்றிய துணியால் முழுவதும் துடைத்தெடுங்கள். சக்கரத்தை மாட்டி, நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்குங்கள். சிறு கார்களில் இறுக்கம் பெரும்பாலும் 85-க்கும் 125 நியூட்டன் மீட்டருக்கும் இடையே. உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கும். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் மெதுவாக ஓட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போய் அந்த எண்ணைச் சொல்லி இறுக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் நியூமாட்டிக் கன்னை வைத்து "டர்ர்" என்று அடித்து முடித்துவிடுவார், விடாதீர்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும், கியரைத் தொடும் முன், பெடலைப் பல தடவை மிதியுங்கள். காலிப்பரைக் கழற்றியவர்களுக்கு இது கட்டாயம். பேட் மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். முதல் மிதிகளில் பெடல் தரை வரை போகும், பிறகுதான் கெட்டிப்படும். கெட்டிப்படாமல் வண்டியை நகர்த்தியவர்கள் எதிர்ச்சுவரில் போய் நின்ற கதைகள் எல்லா ஊர் வொர்க்‌ஷாப்பிலும் உண்டு. தெருவுக்குள்ளேயே நடைவேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி பாருங்கள்.

பின் சக்கரத்தில் டிரம் இருக்கும் வண்டிகள்தான் நம்மிடம் அதிகம். முன்னால் சிவப்பு அடித்த வேகத்தில் டிரம்முக்கும் சிவப்பு அடித்துவிடுகிறார்கள். குங்குமச் சட்டியைக் கவிழ்த்துவைத்தது போல் இருக்கும். கறுப்போ வெள்ளியோ அடித்து ஒதுக்கமாக விடுங்கள்.

கடைசியாக ஒரு சண்டை. சென்னை ஜி.பி. ரோட்டிலும் மற்ற ஊர்களின் ஆக்சஸரி கடைகளிலும் காலிப்பர் கவர் என்று ஒன்று விற்கிறார்கள். பெரிய காலிப்பர் மாதிரி செய்த சிவப்பு மூடி, நடுவில் பிரெம்போ என்று எழுத்து. இதைக் கேபிள் டை வைத்தோ, பசை வைத்தோ காலிப்பரின் மேல் கட்டிவிடுகிறார்கள். சூட்டை வெளியே விட வேண்டிய இரும்புக்குப் போர்வை போர்த்துகிற வேலை இது. பசை இளகினால் மூடி நழுவிச் சுழலும் ரிம்மில் போய் மாட்டும். நெடுஞ்சாலை வேகத்தில் அது என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதற்குக் கொடுக்கும் காசில் பேட் ஒரு செட்டுக்குப் பாதிப் பணமாவது தேறும்.

நீங்கள் வெறும் பெயின்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்றால், செட்டோடு சேர்ந்து வரும் பிராண்ட் பெயர் ஸ்டிக்கரைக் குப்பையில் போடுங்கள். உங்கள் காலிப்பர் சென்னை பாடியிலோ வேறெங்கோ நம் ஆட்கள் வார்த்தெடுத்து, பரிசோதித்து, முத்திரை குத்தி அனுப்பியது. அந்த முத்திரை காலிப்பரின் உடலிலேயே வார்ப்பெழுத்தாக இருக்கும். துருவை உதிர்க்கும்போது கண்ணில் படும். விருப்பம் இருந்தால் மூன்றாவது கோட் காய்ந்த பிறகு அந்த எழுத்தின் மேட்டில் மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளையைத் தடவுங்கள், நன்றாக இருக்கும்.

நிறம் உங்கள் இஷ்டம். மஞ்சளும் வெள்ளையும் பிரேக் தூசியில் ஒரே மாதத்தில் அழுக்கு நிறமாகும். கரும் சாம்பல் நெடுநாள் அப்படியே இருக்கும், என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் நீங்கள் சிவப்பு டப்பாவை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கொடுக்கவும் போவதில்லை. சரி, சிவப்பே அடியுங்கள். ஜாக்கி ஸ்டாண்டை மட்டும் சனிக்கிழமையே போய் வாங்கிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைகள் திறக்காது.

அன்புடன்,
பக்கத்து பிளாக்கில் கார் நிறுத்தும் ஒரு பழைய வொர்க்‌ஷாப்காரன்